காலி கேன்

கோபி கேனைச் சாய்த்து திரவ நைட்ரஜனை ஊற்ற ஊற்ற, கம்ப்யூட்டர் ப்ராசஸர் மேல் பொருத்தியிருந்த செம்புக் குவளை வெண்புகை கக்கியது.

"மேகலா, ஓடி வா! சூடே ஏறல, என் ப்ராசஸர் இந்த வேகத்துல ஓடுனதே இல்ல. ஆன்லைன் வேகப் போட்டில நான்தான் ஃபர்ஸ்ட்டு!"

வேலைக்குக் கிளம்பி வந்த மனைவி, கேனைப் பார்த்ததும் பதறினாள்.

"இதுக்குள்ள இருந்த குச்சிங்க எங்க?"

"ஐஸ் புடிச்சிருந்துச்சு. மாடியில வெயில்ல காய வெச்சிருக்கேன்."

மேகலா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். கேன் அவளுடையது. மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது அவள் வேலை. குச்சிகளில் உறைந்திருந்தது காளை விந்து.

"கிளம்புங்க, பேரிகை ஊருக்கு."

"நான் எதுக்கு?"

"நாராயணப்பன் வீட்டு மாடு காலையிலிருந்து சினைக்குக் கத்திட்டு நிக்குது. யாரு ஃபர்ஸ்ட்டுன்னு அதுகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க!"