பொதுப் பூட்டு

கணினி நினைவகத்தில் ஓர் இடம். ஒரு முறை பூட்டிவிட்டால் இயங்குதளமே அதைத் திறந்து பார்க்க முடியாது. திருட்டுப் பிரதி எடுக்க வழியில்லாமல், ஓடும் படத்தை அதற்குள் வைப்பார்கள். மூன்று சிப் நிறுவனங்கள் அதை மூன்று விதமாகப் பூட்டின. எவருடைய சிப்பானாலும் ஒரே மாதிரி இடம் கேட்டு வாங்க ஒரு பொது நிரல் எழுதுவது வான்மதியின் வேலை. ஒன்பது மாதம், பதினோரு திருத்தம். ஒரு நிறுவனம் கேட்டதால் சேர்த்த வரியை அடுத்த நிறுவனம் கேட்டதால் எடுத்தாள். "பொதுவாவே இருக்கட்டும் மேடம், எங்க சிப்புக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு போட்டுக்கங்க" என்று மூவரும் தனித்தனியாகப் போன் செய்தார்கள்.

இன்று காலைச் சோதனையில் மூன்று சிப்பிலும் பூட்டு விழுந்தது. ஆனால் திரையில் படம் இல்லை, வெறும் பச்சை. மூன்று நிறுவனத்தாரும் ஒரே அழைப்பில் வந்தார்கள்.

"உள்ள என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லுங்களேன்" என்றார் முதல் நிறுவனத்தின் சேவியர்.

"பாக்க முடியாது சார். அதுக்குத்தானே ஒன்பது மாசமா மல்லுக்கட்டுறேன்."

பிறகு இரண்டாவது நிறுவனத்தின் ரவூஃப், "எட்டிப் பாக்க ஒரு சின்ன வழி வச்சிடலாமே" என்றார்.

"மூணு பேருக்கும் பொதுவா" என்றார் சேவியர்.

மூன்றாமவரும் சரி என்றார்.

'மூவரும் ஒத்துக்கொண்ட முதல் விஷயம்' என்று கூட்டக் குறிப்பில் தட்டினாள் வான்மதி. அதை அனுப்பவும் இல்லை, அழிக்கவும் இல்லை.