தலைமை நிர்வாகியின் மன்னிப்புக் கடிதம்

மூன்றாவது முறை படித்தபோதும் அந்த வக்கீல் நோட்டீஸ் தீனதயாளன் பெயருக்குத்தான் வந்திருந்தது.

புதுப்பட்டினத்தில் படகு எஞ்சின் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். அதே கடைக் கம்ப்யூட்டரில் எட்டு வருடமாக மீனவர்களுக்கு ஓர் இணைய மன்றமும் நடத்துகிறார். எஞ்சின் மக்கர் செய்தால் கோவளத்துக்காரன்கூட அங்கேதான் வந்து கேட்பான். மன்றத்தில் அவர் தலைமை நிர்வாகி. அவருக்குக் கீழே நிர்வாகி என்று ஒருவரும் கிடையாது.

கடலில் விழுந்த எஞ்சினைக் காப்பாற்றுவது பற்றி உள்ளூர் மீனவன் இருசப்பன் மன்றத்தில் எழுதிய பதிவு, ஒரு பதிப்பகத்தின் புத்தகத்திலிருந்து திருடியதாம். முப்பத்தாறு மணி நேரத்தில் நீக்காவிட்டால் பதிப்புரிமைச் சட்டப்படி மன்றத்தையே முடக்கச் சொல்வார்களாம்.

மன்றத்துக்குப் பதினான்கு விதிமுறைகள் எழுதிவைத்தவர் அவர். அடுத்தவன் எழுத்தில் கை வைக்காதே என்பதைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார். இப்போது அந்த மன்றத்துக்கே ஆபத்து. எட்டு வருடப் பேச்சு, போனால் போனதுதான்.

இருசப்பனுக்குப் போன் போட்டார்.

“எந்த புக்கப் பாத்து அடிச்ச இருசப்பா? உண்மையச் சொல்லு, நான் இன்னும் கோவப்படல.”

“புக்கா? கடல்ல வுழுந்த எஞ்சினப் பாத்து எழுதுனேன் அண்ணாத்த.”

எந்தத் திருடன் ஒத்துக்கொண்டிருக்கிறான் என்று தீனதயாளன் போனை வைத்தார். ஆறாவதைத் தாண்டாதவன், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவதில் தொடங்கி அத்தனை கோர்வையாக எழுதியபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். தன் வெள்ளை மனசை நினைத்து அவருக்கே பாவமாக இருந்தது.

பதிவை அழித்தார். எட்டு வருடத்துக்கு முந்தைய அதன் தேதியும், ‘எஞ்சின் பொழச்சிகிச்சு அண்ணே’ என்று அடியில் நன்றி சொன்ன இருநூறு பேரும் அதோடு போனார்கள். நகல்கூட எடுத்துவைக்கவில்லை. திருட்டுச் சாமானை யாராவது கடையில் வைத்துக்கொள்வார்களா?

அடுத்தது மன்னிப்புக் கடிதம். ‘எங்கள் உறுப்பினர் இருசப்பன் தங்கள் நூலிலிருந்து திருடியதை மன்றம் ஒப்புக்கொள்கிறது’ என்று எழுதினார். அதை ‘ஒப்புக்கொண்டு தலைகுனிகிறது’ என்று திருத்தினார். நடை பிரமாதமாக வந்திருந்தது. அனுப்பிவிட்டார்.

மன்றம் தப்பித்தது. ஒரு டீ சொல்லிவிட்டு, நோட்டீசோடு ஆதாரமாக வந்திருந்த புத்தகப் பக்கத்தின் படத்தைத் திறந்தார். நோட்டீசை மூன்று முறை படித்தவர் இதை மட்டும் பார்க்கவே இல்லை.

படத்தின் மேலே, நூலின் முதற்பதிப்பு போன வருடம் என்று குறித்திருந்தார்கள். இருசப்பனின் வரிகள் ஒன்று விடாமல் இருந்தன. டீ வந்ததையும் கவனிக்காமல் அவர் கடைசி வரிவரைக்கும் போனார்.

‘இதற்கும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், புதுப்பட்டினம் கரைக்கு வந்து இருசப்பனைக் கேட்கவும்.’