நனையாத சேலை

"பட்டுதான்னா பட்டுதான்! அவ்வளவு சனம் கூடுத எடத்துல போயி..."

"கொட்டுத மழையில பட்டா? ஒங்களுக்கு என்ன..."

"நான் சொல்லுததை மொதல்ல கேளு ஈனிட்!"

"நீங்க மொதல்ல உக்காருங்க. பின்னால இருக்கவங்களுக்கு மறைக்குல்லா."

மரியஜோசப் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். புனேயின் கேம்ப் பகுதியில் ஒரு பழைய ஹால். ஐந்து மணிக்கென்று சொன்ன ஃபேஷன் ஷோ ஐந்தே முக்கால் ஆகியும் தொடங்கவில்லை.

"ஊரு உலகத்துல சேலை எடுக்கக் கடைக்குப் போவாங்க. என்னைய இங்க இழுத்துட்டு வந்திருக்கா. கண்ட கண்ட பிள்ளைக நடக்கதை நான் பாக்கணும்!"

"பிள்ளைகளைப் பாக்க வேண்டாம். துணியைப் பாருங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு சேலை வேண்டும். யாருக்காக இவ்வளவு சண்டையோ, அவள் அந்தச் சேலையோடுதான் திறந்த வண்டியில் விஷ்ராந்த்வாடித் தெருக்களைச் சுற்றி வரப் போகிறாள். பதினோரு வருடமாகக் காத்திருந்து கிடைத்த நாள். ஆனால் செப்டம்பர் பிறந்தும் புனே மழை விட்டபாடில்லை.

"போன வருசம் டேனியல் வீட்டுல பட்டு எடுத்தாங்களே, என்னாச்சு?" ஈனிட் விடவில்லை. "பாதி ஊர்வலத்துல பிடிச்சுது மழை. நீலச்சாயம் ஒழுகி காலெல்லாம் நீலம். அந்த வீட்டு தீபா அன்னைக்கு அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். நம்ம முறையிலயும் அப்படி ஆகணுமா?"

மரியஜோசப்பின் குரல் இறங்கியது.

"நான் மூச்சு முட்டிக் கெடந்த பதினேழு நாளு என் கூட இருந்தது யாரு? பெத்த பிள்ளைகளையே வார்டுக்குள்ள விடல. அவளுக்குப் போயி நனையாத துணின்னு ஏதோ ரப்பரைச் சுத்தணுங்கியே. மனசு கேக்குமா?"

"எனக்கு மட்டும் கேக்குமா? என்னைக்காவது வாயைத் தொறந்து இது வேணும், அது வேணும்னு கேட்டிருக்காளா அவ? நாமதான பாத்துச் செய்யணும்."

அப்போது விளக்குகள் அணைந்தன. மேடை வெளிச்சமானது.

முதலில் வெயில் காலம். கண் மட்டும் தெரியும்படி முகத்தில் ஸ்கார்ஃப் சுற்றி, தோள் வரை வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு நாலு பெண்கள் ஸ்கூட்டர் சாவியைச் சுழற்றியபடி வந்தார்கள். ஹால் முழுக்க விசில்.

"இதுவா ஃபேஷன்? ஆளந்தி ரோட்டு சிக்னல்ல தெனமும் சும்மாவே பாக்கோமே!"

"சும்மா இருங்க."

அடுத்து குளிர்காலம். சேலைக்கு மேல் பஞ்சு வைத்துத் தைத்த கோட்டுகள்.

"தலகாணிக்குக் கையும் காலும் மொளைச்சிருக்கு."

ஈனிட் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

கடைசியாக மழைக்காலம். மேடைக்கு மேலே கட்டியிருந்த குழாயிலிருந்து நிஜமாகவே தண்ணீர் பொழியத் தொடங்கியது. முன்வரிசைக்காரர்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள். அந்த மழைக்குள்ளிருந்து ஒருத்தி நடந்து வந்தாள்.

இளம்பச்சைச் சேலை. தாழம்பூ நிறத்தில் மெல்லிய கரை. சேம்பு இலையில் விழுந்தது போல ஒவ்வொரு துளியும் முத்தாகத் திரண்டு, துணியைத் தொட்டும் தொடாமலும் உருண்டு கீழே ஓடியது. ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை. உடம்போடு ஒட்டவில்லை. அவள் மேடையின் விளிம்பில் வந்து நின்றாள். விளக்கு வெளிச்சத்தில் அத்தனை துளிகளும் ஒரே நேரத்தில் மின்ன, ஹாலில் ஒரு விசில்கூட எழவில்லை.

மரியஜோசப் தன்னையறியாமல் எழுந்து நின்றிருந்தார்.

"அரே அங்கிள், பைட்டியே!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அவர் உட்காரவில்லை.

"ஈனிட்டு..."

"ம்."

"மானத்துல இருந்து எறங்கி வந்த மாதிரியில்ல இருக்கு."

ஈனிட் மேடையிலிருந்து கண்ணெடுக்காமல் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஷோ முடிந்த கையோடு இருவரும் மேடைக்குப் பின்னால் போனார்கள். அந்தச் சேலையைத் தைத்தவள் பாத்திமா. தமிழ்க்காரிதான், முப்பது வயதிருக்கும். கழுத்தில் டேப், வாயில் குண்டூசி.

"அந்தப் பச்சைச் சேலை எங்களுக்கு வேணும்மா. ஞாயித்துக்கெழமைக்குள்ள" என்றார் மரியஜோசப். பட்டு என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை.

பாத்திமா குண்டூசியை எடுத்துவிட்டுச் சிரித்தாள். "குடுத்திடலாம் அங்கிள். ஆனா இது ரெடிமேட் இல்ல. மடிப்பு, முந்தானை எல்லாம் ஆளுக்குத் தக்க தைக்கணும். அதனாலதான் எவ்வளவு நனைஞ்சாலும் கலையாது. யாருக்கு, பொண்ணுக்கா?"

"எங்க வீட்டுக்கே பெரியவ மாதிரி" என்றாள் ஈனிட்.

"அப்போ நாளைக்குக் கடைக்கு அனுப்புங்க. நானே அளவு எடுக்கறேன்."

"நாங்க அளந்து எழுதிக் கொண்டாந்தா?"

"நஹி ஆன்ட்டி! துண்டுச் சீட்டுல எழுதின அளவுக்கு நான் தைக்கறதே இல்ல. ஆளு என் முன்னாடி நிக்கணும். எவ்வளவு பெரிய வீட்டுப் பொண்ணுன்னாலும் இதான் நம்ம ரூல்."

மரியஜோசப் மனைவியைப் பார்த்தார். ஈனிட் பாத்திமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவளால கடைக்கு வர ஏலாதும்மா. எங்க கோயில் பீடத்து மேல, கையில பாலகனோட நிக்கா. நீதான் டேப்பை எடுத்துட்டு ஏணியில ஏறணும்... எங்க வேளாங்கண்ணி மாதாவுக்கு அளவெடுக்க வருவியாம்மா?"