முதுகைப் பார்த்தவர்

புதிதாக மாட்டிய குளியலறைக் கண்ணாடி தாட்சாயணியின் முதுகைப் பார்த்துவிட்டுக் கேட்டது: "இந்த எள்ளளவு மச்சம் முன்பே இருந்ததா? பழையதென்றால் பயமில்லை. புதிதாக வந்ததென்றால் புற்றுநோயாக இருக்கலாம். உங்கள் முதுகைப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறார்களா?"

ஒருவர்தான் இருந்தார். விவாகரத்துக்குப் பிறகு முதல்முறையாகக் கதிரேசனை அழைத்து, கண்ணாடி கேட்டதைச் சொன்னாள்.

"வலது தோளுக்குக் கீழதானே? கல்யாணத்தப்பவே இருந்துச்சு, எள்ளு மாதிரி," என்றார் அவர், யோசிக்காமலே.

போன உயிர் திரும்பி வந்தது. நன்றி சொல்லிவிட்டுப் போனை வைக்கப் போனாள்.

"தாட்சா, என் வீட்டுக் கண்ணாடியும் இதையேதான் கேக்குது. நடு முதுகுல ஒண்ணு இருக்காம். உன்கிட்ட எப்படிக் கேக்குறதுன்னு இருந்தேன். அது அப்பவே இருந்துச்சா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பார்த்தாள். இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டைகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. முதுகு வரவில்லை.