கழுதைகளுக்குப் பின்னால்

கிறகரி மறுபடியும் ஒரு வாழைப்பழத்தை எறிந்தார். கழுதைகளின் காலடியில் இல்லை. நல்ல தூரம் தள்ளி, அவை நடந்துபோய் எடுக்கும்படியாக.

ஐந்தாறு கழுதைகள். மன்னாரில் யாருக்கும் சொந்தமில்லாமல் திரிபவை. கற்பூர வாசனை தெரியாது என்று ஊரெல்லாம் ஏசும் அந்தச் சீவன்களுக்கு வாழைப்பழ வாசனை நன்றாகவே தெரிந்திருந்தது. ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடின.

"நல்லாய்த்தான் செல்லம் குடுக்கிறியள், அண்ணை" என்றாள் எடித்.

அவர் சிரிக்கவில்லை. வாடகை வானை வீதியோரம் நிறுத்தி இறங்கியதிலிருந்து, எனக்குப் பின்னாலேயே வாங்கோ என்றதைத் தவிர அந்த மனிதர் வாயே திறக்கவில்லை.

எடித்துக்கும் பேசத் தெம்பில்லை. கனடாவிலிருந்து பறந்து வந்த அலுப்பு. வழிநெடுகச் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறிய அலுப்பு. சமாதான காலம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். சமாதானத்துக்கும் பையைத் திறந்து காட்டத்தான் வேண்டியிருந்தது. மன்னாருக்கென்று அவளிடம் இருந்தது இந்த ஒரு பகல் மட்டும்.

பையில் மெழுகுதிரி இருந்தது. வெயிலில் அது வளைந்திருக்கும்.

பிள்ளைப் பருவத்தில் இந்தக் கரையிலிருந்துதான் அவள் படகேறி இந்தியாவுக்குப் போனாள். அவள் உயிரோடு கரை சேர்ந்தால் மெழுகுதிரி கொளுத்துவதாக அம்மா அந்தோனியாருக்கு நேர்ந்திருந்தாள். அவள் கரை சேர்ந்தாள், கனடா சேர்ந்தாள், அம்மாவையும் அங்கே கூப்பிட்டுக்கொண்டாள். மெழுகுதிரி மட்டும் கொளுத்தாமலே கிடந்தது.

இப்போது அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில். மூச்சு வாங்க வாங்க அவளுக்கு ஒரே பேச்சுத்தான். நேர்ந்ததைச் செய்யாமல் என்னைச் சாகவிடாதை, பிள்ளை.

அந்தோனியார் கோயில் தெரிந்தது. ஓர் அறை அளவுக்குச் சின்னக் கோயில். கூரையில் பாதி இல்லை. அதற்கு அப்பால் ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள் நின்றன, நூறு இருக்கும். பார்த்து ரசிக்க அவளுக்கு ஆசைதான், கண் எரிந்தது.

கழுதைகளில் ஒரு தாயும் குட்டியும் இருந்தன. தாய் பழத்துக்கு மயங்கவில்லை. மற்றவை முண்டியடித்துக்கொண்டு ஓட, அது ஒதுங்கி நின்றே பார்த்தது. குட்டி அப்படியில்லை. அது எடித்தின் பையை மோந்தது, கையை நக்கியது. அந்த ஈர மூக்கு பட்டதும் அவளுக்கு இரண்டு நாள் அலுப்பில் பாதி போய்விட்டது. கிறகரியிடமிருந்து ஒரு பழத்தை வாங்கி உரித்தே ஊட்டினாள்.

"கையில குடுத்து முடிக்காதேங்கோ, தங்கச்சி. இன்னும் வேணும்."

என்ன கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொண்டாள்.

கோயிலுக்கு முன்னால் முழங்கால் உயரத்துக்குப் புல். அதன் விளிம்பில் கழுதைகள் நின்றன. கிறகரியும் நின்றார்.

"முந்தி ஆமிக் காம்ப் இருந்த இடம். மிதிவெடி எடுக்கிற ஆக்கள் இன்னும் வரேல்லை. இதுவரைக்கும் கழுதை நடந்த தடத்திலதான் வந்தனாங்கள்."

எடித் திரும்பிப் பார்த்தாள். மணலில் குளம்புத் தடங்கள். அவற்றின் மேலேயே கிறகரியின் செருப்புத் தடம். அதற்கு மேல் அவளுடையது.

இந்த மனிதர் செல்லம் கொடுக்கவில்லை.

"எனக்கும் பிள்ளையள் இருக்கு" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை, சோர்வாகச் சொன்னார். "வேண்டாமெண்டால் திரும்புவம்."

கடைசிப் பழத்தை அவள் கையில் வைத்துவிட்டு, அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

வயிறு நிறைந்த பெரிய கழுதைகள் நிழல் தேடிப் போய்விட்டன. குட்டி மட்டும் அவளையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது.

திரும்பிவிடலாம். அம்மாவிடம் கொளுத்திவிட்டேன் என்று ஒரு பொய் சொல்லலாம். அம்மா நம்புவாள், நம்பிக்கொண்டே போய்ச் சேர்வாள். எடித்தால் அது முடியவில்லை.

கோயில் படியைப் பார்த்து எறிந்தாள்.

குட்டி துள்ளிக்கொண்டு புல்லுக்குள் ஓடியது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

ஒன்றும் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது குட்டி படியடியில் நின்று பழத்தைத் தோலோடு மென்றுகொண்டிருந்தது. அந்தோனியாரே என்று வாய்விட்டுச் சொன்னாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. புல்லுக்குள் ஒரு காலை எடுத்து வைக்கப் போனாள்.

கிறகரி குறுக்கே கையை நீட்டினார்.

"பொறுங்கோ. குட்டியின்ர பாரம் காணாது, வெடி அமுங்காது."

"பழம் முடிஞ்சுதே, அண்ணை."

"பழம் தேவையில்லை" என்றார்.

தாய்க் கழுதை புல்லின் விளிம்புக்கு வந்திருந்தது. குட்டியைப் பார்த்து ஒருமுறை கத்தியது. குட்டி நிமிர்ந்து பார்த்துவிட்டு, வந்த வேலையை விடாமல் மென்றது. தாய் காதுகளைப் பின்னால் மடக்கிக்கொண்டு, தலையைத் தாழ்த்திப் புல்லை மோந்தது. வெகுநேரம் மோந்தது.

பிறகு முன்னங்காலைத் தூக்கியது.

"வேண்டாம்" என்றாள் எடித்.

தாய் உள்ளே போய்க்கொண்டிருந்தது.