எப்பத்தா

மாமனாரின் முதுகுக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் தாம்பாளத்தைக் கீழே போட்டாள் பிரேமா. வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. கட்டிலில் இருந்த கருத்தையா மட்டும் திரும்பாமல் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

“பாத்தியளா? மாமாவுக்குச் சுத்தமாக் கேக்கல,” என்றாள் கணவனிடம். வேல்ராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

நாகலாபுரத்துக்கு மேற்கே கருத்தையாவுக்கு ஏழு ஏக்கர் கரிசல் காடு இருந்தது. கோடையில் காற்றாலைக் கம்பெனிக்காரர்கள் வந்து விலை கேட்டார்கள். தீப்பெட்டி ஆபீஸ் மருந்து வாடையில் நெஞ்சு கெட்டுப்போயிருந்த வேல்ராஜுக்கு, காட்டை விற்றுக் கோவில்பட்டியில் ஒரு செல்போன் கடை வைத்துவிட்டால் போதும் என்று தோன்றியது.

அப்பாவிடம் கேட்டான். மறுபடி கேட்டான். ஒருநாள் பொறுமை போய், தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டான்.

“நீரு எப்பத்தான் எழுதித் தருவீரு?”

மறுநாள் காலையில் கருத்தையா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எழுந்தார். அதற்குப் பிறகு யார் பேசினாலும் அவருக்குக் கேட்கவில்லை.

டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தும் கேட்கவில்லை. எழுதிக் காட்டலாம் என்றால் அவருக்குப் படிப்பு கிடையாது. சாடையாகக் காட்டைக் காட்டினால், “ஆமாமா, மேக்க மேகம் எறங்குது, மழ உண்டு,” என்பார்.

“நான் போட்ட சத்தத்துலதான் அப்பா காது போயிட்டு,” என்று பிரேமாவிடம் சொல்லி அழுதான் வேல்ராஜ். கம்பெனிக்காரர்கள் வேறு காட்டைப் பார்க்கப் போய்விட்டார்கள். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்போதுதான் கோவில்பட்டியில் பாஸ்டர் ஞானதுரை ஜெபக் கூட்டம் நடத்துகிறார் என்று கேள்விப்பட்டாள் பிரேமா. “நம்ம சாமிய எல்லாம் கும்புட்டாச்சு. அங்கனயும் போயிப் பாப்பமே.”

கடைசி நாள் சாயங்காலம் மூவரும் பஸ் ஏறிப் போனார்கள். பந்தலில் ஜமுக்காளம் விரித்திருந்தது. முன்வரிசையிலேயே இடம் கிடைத்தது. கருத்தையா உட்கார்ந்த வாக்கிலேயே தூங்கிப்போனார்.

ஞானதுரை மேடையில் குதிக்கிற ஆள் இல்லை. வேதத்தில் மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டிருக்கும் சொற்களைக் கரும்பலகையில் எழுதி, அவற்றுக்கு நிதானமாகப் பொருள் சொல்வார். முந்தின கூட்டங்களில் ஓசன்னாவும் தலீத்தாகூமியும் முடிந்திருந்தன. அன்றைக்குப் பலகையில் இருந்தது, ‘எப்பத்தா’.

“இது இயேசு பேசின பாஷை. காது கேக்காத ஒருத்தரைத் தனியாக் கூட்டிட்டுப் போயி, அவர் காதுல விரலை வச்சு, இந்தச் சொல்லைச் சொன்னார். ‘திறக்கப்படுவாயாக’ன்னு அர்த்தம்,” என்றார் பாஸ்டர்.

கூட்டம் உச்சுக் கொட்டியது.

“இது மந்திரம் இல்லை. அர்த்தம் தெரியாமச் சொன்னா வெறும் சத்தம்தான். கேக்கிறவனுக்கு அர்த்தம் போய்ச் சேரணும். சேந்தா, மூடிக் கெடக்கிறது தானாத் தெறக்கும்.”

பிரேமா கணவனின் விலாவில் இடித்தாள். வேல்ராஜ் அப்பாவை எழுப்பி, கையைப் பிடித்து மேடைக்கு ஏற்றினான். கருத்தையா பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு மைக்குக்கு முன்னால் நின்றார்.

“நான் வைத்தியன் இல்லை தம்பி. ஜெபம் பண்ணுதேன், அவ்வளவுதான். இவருக்கு எப்ப இருந்து கேக்கலை?”

வேல்ராஜ் ஊர்க் கூட்டத்துக்கு முன்னால் உரக்கச் சொல்ல வெட்கப்பட்டு, பாஸ்டரின் காதோடு வாயை வைத்தான்.

“எல்லாம் என்னாலதான்யா. நெலம் நெலம்னு கேட்டு ஒருநாள் கத்திட்டேன், மறுநாளே காது போயிட்டு. இப்ப எனக்கு நெலமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ‘அப்பா’ன்னு கூப்புட்டா அவியளுக்குக் கேட்டாப் போதும்.”

பாஸ்டர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். அவருக்கும் கண் கலங்கிவிட்டது. மைக்கைப் பார்த்து, “எல்லாரும் கண்ணை மூடி ஜெபம் பண்ணுங்க,” என்றார்.

பந்தல் முழுக்கக் கண்ணை மூடியது. வேல்ராஜ் மூடினான். கருத்தையாவும் மூடிக்கொண்டார்.

ஞானதுரை பெரியவரின் காதுகளில் விரலை வைத்து, வானத்தை அண்ணாந்து பார்த்து நெடுநேரம் முணுமுணுத்தார். பிறகு விரலை எடுத்தார். குனிந்து, வலது காதோரம் வாயை வைத்து, ஓங்கிய குரலில் அழைத்தார்.

“எப்பத்தா!”

கருத்தையாவின் உடம்பு தூக்கிப் போட்டது. நெற்றி நரம்பு புடைத்தது. உதடுகள் துடித்தன.

“மாமாவுக்குக் கேட்டுட்டு! கேட்டுட்டு!” என்று கீழேயிருந்து கத்தினாள் பிரேமா. பந்தலில் அல்லேலூயா எழும்பியது. வேல்ராஜ் கண்ணீரோடு அப்பாவின் காலடியில் விழுந்தான்.

மூடிய கண்ணைத் திறக்காமலேயே, மைக் அதிர, கருத்தையா கத்தினார்.

“ஏலே, எத்தன தடவ கேட்டாலும் நெலத்தத் தர மாட்டேம்ல!”