மாமியாரின் ரிசல்ட்

வெளிநாடு போகிறவர்களுக்குத் தடுப்பூசி போட்டுவந்த அந்த கிளினிக், தொற்று பரவியதும் கொரோனா டெஸ்ட்டுக்கும் வீடியோ ஆலோசனைக்கும் மாறியிருந்தது.

"டாக்டர், என் மாமியார் ரிசல்ட் என்னாச்சு?" திரையில் மாப்பிள்ளை பதறினார்.

"நெகட்டிவ். தாராளமா ஃப்ளைட் ஏறலாம்."

மாப்பிள்ளை பெருமூச்சு விட்டார்.

"ஊரடங்குல மாட்டி மாசக்கணக்கா உங்க வீட்டுலயே இருந்துட்டாங்க. இனி நீங்க நிம்மதியா இருக்கலாம்."

"பாசிட்டிவ்னு சொல்ல முடியாதா டாக்டர்? அங்க அவங்க தனிக்கட்டை. இங்கேயே இருங்கன்னா, 'பொண்ணு குடுத்த வீட்டுல பாரமா இருக்க மாட்டேன்'னு பிடிவாதம் பிடிக்கிறாங்க."

"பொய் ரிசல்ட் தர முடியாது சார். காலையில அவங்ககிட்டயும் அதைத்தான் சொன்னேன்."

"அவங்ககிட்டயா? எதுக்கு?"

"அவங்களும் பாசிட்டிவ்னு சொல்லச் சொல்லித்தான் கெஞ்சினாங்க."